பார்க்காத ஊருக்கு ஓர் உயில்



கல்லூரி ஆய்வகத்தில் கம்பிச் சுருள்களோடு மல்லாடிய நாட்களில் 'ஹென்றி' எனக்கு வெறும் ஓர் அலகு. அந்த ஹென்றி யாரு என்று பிற்பாடு தேடப்போய், ஓர் உயிலின் கதையில் வந்து நின்றேன்.

ஜேம்ஸ் ஸ்மித்சன் ஓர் ஆங்கிலேய வேதியியலாளர். பிரபு ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்ததால் தந்தையின் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. துத்தநாகக் கனிமம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்ல காபி போடுவது எப்படி என்றுகூட ஒரு கட்டுரை எழுதினார்! 1826-இல் எழுதிய உயிலில் சொத்தைச் சகோதரர் மகனுக்கு வைத்தார். அவருக்கும் வாரிசு இல்லாமல் போனால், வாஷிங்டனில் அறிவை வளர்த்துப் பரப்பும் நிறுவனம் ஒன்று அமைக்க, மொத்தமும் அமெரிக்காவுக்கு. இத்தனைக்கும் அந்த நாட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

1829-இல் ஸ்மித்சனும் 1835-இல் வாரிசின்றி அந்த மகனும் காலமானார்கள். அந்நியன் காசு நமக்கு எதற்கு என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் முறுக்கிக்கொண்டார்கள். ஒருவழியாக 1838-இல் லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள் கப்பலேறி வந்தன. மதிப்பு ஐந்து லட்சம் டாலருக்கு மேல்.

கதை இத்தோடு முடிந்ததா? அதுதான் இல்லை. பணத்தின் பெரும்பகுதியை அரசு ஆர்கன்சா மாநிலக் கடன் பத்திரங்களில் போட்டது. மாநிலம் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்துவிட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது சாதாரண உறுப்பினர். முதலையும் வட்டியையும் அரசே ஈடு செய்ய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடினார். அதற்கு வழி செய்த சட்டம் 1846 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தாகி, ஸ்மித்சோனியன் பிறந்தது.

அதன் முதல் செயலாளர்தான் நம்ம ஜோசப் ஹென்றி. தந்தி நிலையங்களிலிருந்து வானிலைச் செய்திகளைத் திரட்ட வைத்தார். நாட்டின் வானிலைத் துறைக்கு அது வித்தானது. இன்று அருங்காட்சியகங்கள், உயிரியல் பூங்கா, பனாமாவில் வெப்பமண்டல ஆய்வு நிலையம் என்று அது விரிந்து கிடக்கிறது. 1904-இல் ஸ்மித்சனின் எலும்புகளை இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து அலெக்சாண்டர் கிரகாம் பெல் கொண்டுவந்தார். பார்க்காத ஊருக்கு மனிதர் அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் ஆண்டில் என் கட்டணத்தைக் கட்டியது நம் கல்லூரி அறக்கட்டளை உதவித்தொகை ஒன்று. கொடுத்தவரை மனசுக்குள் கும்பிட்டேன். அவருக்குப் பின் அந்த வைப்புத்தொகையை வருஷா வருஷம் கணக்குப் பார்த்துக் காப்பாற்றியவர் யாரு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆடம்ஸைப் படித்தபோதுதான் உறைத்தது.

இந்தச் சந்திப்பில் நிதி கொடுப்போம், சந்தோஷம். கூடவே இரண்டு பேராவது கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க உட்காருவோம். அதில் ஒருத்தன் நான்.