கொடைக்கானலில் கல்யாணமா? ராத்திரி 10 மணிக்கு மேல பாட்டு போடலாமா, அதிகாலை முகூர்த்தத்துக்கு மேளம் அடிக்கலாமா? விதிகள் சொல்வது என்ன?

மலைமேல ரிசார்ட், புல்வெளியில மேடை, பின்னாடி பனிமூட்டம். கொடைக்கானலில் கல்யாணம் வைக்கணும்னு ஆசைப்படுறவங்க மண்டபம், சாப்பாடு, ரூம் எல்லாத்தையும் மாசக்கணக்கா யோசிச்சு புக் பண்றாங்க. சவுண்ட் சிஸ்டம் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. "அதெல்லாம் டிஜே பார்த்துப்பார்" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு வரவேற்பு களைகட்டுற நேரத்தில் போலீஸ் வண்டி வாசலில் நிற்கும்போதுதான் முதல் தடவையாக விதியைப் பற்றிப் பேச்சு வருகிறது.

அந்த விதிக்குப் பெயர் ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-ன் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. நாடு முழுக்க ஒரே விதிதான். கொடைக்கானலுக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் மலையில் அதைக் கடைப்பிடிப்பது சமவெளியைவிடக் கஷ்டம். காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

10 மணி வரை எவ்வளவு சத்தம் வேணும்னாலும் வைக்கலாமா?

வைக்க முடியாது. பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல், 10 முதல் 6 வரை இரவு என்று விதி பிரிக்கிறது. பகலுக்கும் வரம்பு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. அமைதி மண்டலத்தில் 50, 40. தனியார் இடத்தில் வைக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கு, அந்த இடத்தின் எல்லையில் அளந்தால் இதைவிட 5 டெசிபல் வரைதான் கூடலாம். அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கும் ரிசார்ட் என்றால், காம்பவுண்ட் சுவர் ஓரத்தில் பகலில் 60, இரவில் 50.

சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே சுமார் 60 டெசிபல் வரும். அப்போ டிஜே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம் (டிஜேக்களைப் பொறுத்தவரை இது அடக்கமான அளவு). திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 32 மீட்டரில் 70, 64 மீட்டரில் 64, 256 மீட்டரில் 52. கால் கிலோமீட்டர் தள்ளியும் அது இரவு வரம்புக்குள் வரவில்லை.

மலையில் மட்டும் என்ன சிக்கல்?

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊரின் நடுவில் ஏரி, அதைச் சுற்றிச் சரிவுகளில் வீடுகள். சமவெளியில் பக்கத்துக் கட்டடம் சத்தத்தை மறைக்கும். இங்கே சரிவில் வைத்த ஸ்பீக்கருக்கும் எதிர்ச்சரிவில் இருக்கும் வீட்டுக்கும் நடுவில் மறைப்பே இல்லை. அதோடு, தெளிவான ராத்திரிகளில் தரையையொட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக இருக்கிறது. அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே வரும், வழக்கத்தைவிட ரொம்ப தூரம் கேட்கும். "எங்க ரிசார்ட் பக்கத்துல வீடே இல்லையே" என்று சொல்பவர்கள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று பேஸ். சட்டம் அளக்கச் சொல்வது டெசிபல் 'ஏ' அளவு. அது மனிதக் காதுக்கு ஏற்றபடி அமைந்தது, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடும். அதனால் மீட்டரில் நல்ல பிள்ளை மாதிரி எண் காட்டும், பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். கோக்கர்ஸ் வாக் அருகே வான் ஆலன் மருத்துவமனை, ஏழு ரோடு சந்திப்பில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் என்று இந்தச் சின்ன ஊரில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. மண்டபம் பார்க்கும்போதே இதைக் கவனிக்கணும்.

10 மணிக்கு மேல் என்னதான் அனுமதி?

ஒலிபெருக்கி, இசைக்கருவி, ஒலி எழுப்பும் எந்தக் கருவியும் இரவில் கூடாது. அரங்கம், சமுதாயக்கூடம், விருந்து மண்டபம் மாதிரி மூடிய இடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் எல்லைச் சுவரில் அளவு தாண்டக்கூடாது. புல்வெளியில் போட்ட ஷாமியானாவை நாலு பக்கமும் துணியால் மூடினாலும் சத்தத்துக்கு அது சுவர் ஆகாது.

'12 மணி வரை ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு மட்டுமே உண்டு. அதுவும் கலாச்சார, மதத் திருவிழாக்களுக்கு, வருஷத்தில் மொத்தமே 15 நாளுக்கு மேல் போகாமல். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டபோதும் அந்த வரம்பு அப்படியே இருந்தது. ஒரு வீட்டுக் கல்யாணம் இந்தக் கணக்கில் வராது.

பிரம்ம முகூர்த்தம் வச்சிருக்கோமே?

நம்ம ஊர்க் கல்யாணத்தில் உண்மையான சிக்கல் ராத்திரியைவிட விடியற்காலையில்தான் இருக்கிறது. நாலரை – ஆறு முகூர்த்தம் முழுக்கவே சட்டப்படி 'இரவு'. 2010-ல் விதியைத் திருத்தியபோது ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, மைக் இல்லாவிட்டாலும் திறந்த புல்வெளியில் அஞ்சு மணிக்கு நாகஸ்வரமும் தவிலும் முழங்கினால் அது விதிமீறல். (நாதஸ்வரமா நாகஸ்வரமா என்ற சண்டை தனி. தவிலின் சத்தத்தில் இரண்டு கட்சிக்கும் சந்தேகம் இருக்காது.) தாலி கட்டுவதை மூடிய மண்டபத்துக்குள் வைத்தால் கெட்டிமேளத்துக்குத் தடையில்லை. ஜோடிப் புகைப்படத்துக்காகத் திறந்தவெளி மேடைதான் வேணும் என்றால், ஆறு மணிக்குப் பிறகு வரும் முகூர்த்தத்தை ஜோசியரிடம் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு வெடிக்கும் இதே நேரக்கட்டுப்பாடுதான்.

அனுமதி யாரிடம்?

ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். மாவட்ட ஆட்சியர் அல்லது டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத, இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிதான் இதில் 'அதிகாரம் பெற்றவர்'. நடைமுறையில் உள்ளூர் காவல் நிலையத்தில் மனு கொடுப்பதில் இருந்து தொடங்கலாம். ரிசார்ட்காரர் "எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு" என்றால் அது கட்டடத்துக்கா, ஒலிபெருக்கிக்கா என்று கேட்டு, நகல் வாங்கி வையுங்கள்.

மீறினால்? போலீஸ் கருவிகளைப் பறிமுதல் செய்யலாம். 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது. அந்த அபராதத்தைக் கட்டுவது பெண் வீட்டாரா, டிஜேயா, ரிசார்ட்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு நிற்கும் நேரத்தையும் அதில் போடுங்கள்.

'ஒருநாள் கூத்துதானே, பொறுத்துக்கக் கூடாதா' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒருநாள் நமக்குத்தான். சீசனில் ரிசார்ட்டின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வாராவாரம் வரும். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு தந்த வழக்கின் தொடக்கமே, அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் 13 வயதுச் சிறுமியின் அலறல் யாருக்கும் கேட்காமல் போன செய்திதான். வேண்டாத சத்தத்தைக் கேட்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்றது நீதிமன்றம்.

அப்போ கொண்டாட்டமே கிடையாதா?

உண்டு, நேரத்தை முன்னால் இழுக்கணும், அவ்வளவுதான். சாயங்காலம் 5 மணிக்கே பாட்டைத் தொடங்கிவிடுங்கள். கொடைக்கானல் குளிரில் ஒன்பதரைக்கு மேல் பெரியவர்கள் வெளியே உட்கார மாட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டு ராட்சத ஸ்பீக்கருக்குப் பதில் ஆட்களுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர்கள் நாலைந்து வைத்தால் குறைந்த ஒலியிலேயே எல்லோருக்கும் கேட்கும். அவற்றின் முகம் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் கட்டடத்தைப் பார்க்கட்டும். ஒன்பதே முக்காலுக்கு எல்லோரையும் உள்அரங்குக்கு மாற்றி, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். அதற்கும் மேல் ஆடணும்னா ஹெட்போன் மாட்டி ஆடும் 'சைலன்ட் டிஸ்கோ' இருக்கு. வெளியில் இருந்து பார்த்தால் கொஞ்சம் காமெடியாக இருக்கும், ஆனால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். ஜெனரேட்டரையும் மறக்காதீர்கள், அதன் சத்தமும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

பூம்பாறை, மன்னவனூர் மாதிரி காட்டையொட்டிய இடம் என்றால் வனத்துறையிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2013-ல் பழனி மலையின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே சாதாரணமாக நடமாடும். மிரண்ட காட்டெருமை விருந்தாளிகளின் கார் பார்க்கிங்குக்குள் வந்தால் டிஜேயால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக ஒரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் உண்டு. 2025 ஏப்ரலில், சீசனுக்காக வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். விருந்தாளிகளின் காருக்கு எல்லோரும் ஞாபகமாக எடுத்துவிடுகிறார்கள். மதுரையில் இருந்து ஸ்பீக்கர் ஏற்றி வரும் வேனுக்கும், மேளக்காரர்கள் வண்டிக்கும் எடுத்தாச்சா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.