காற்றில் போகும் காசு

சில ரோஜா வாசனைத் திரவியங்களின் 50 மில்லி பாட்டில், சென்னையில் ஒரு சின்ன வீட்டின் மாத வாடகையைத் தாண்டுகிறது. பிரெடெரிக் மால் நிறுவனத்துக்காக டொமினிக் ரோப்பியோன் உருவாக்கி 2010இல் வெளிவந்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' அந்த ரகம். ரோஜாவும் பச்சுளியும் முன்னால் நிற்கும் கலவை. (பச்சுளி என்ற பெயரே நம்ம 'பச்சிலை'யிலிருந்து போனதுதான் என்பார்கள்.) இதை வாங்கலாமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். "அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கிப் போடு. அதுவாச்சும் கையில இருக்கும். இது காத்துல போயிடும்."

இந்தப் பதிலுக்குக் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வயசு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் மூத்த பிளினி இதையேதான் எழுதினார். ஆடம்பரங்களிலேயே வாசனைத் தைலம்தான் அடிமட்ட வீண்செலவு என்பது அவர் கட்சி. முத்தும் மணியும் வாரிசுக்குப் போய்ச் சேரும், துணிமணி கொஞ்ச காலம் உழைக்கும், தைலம் மட்டும் பூசிய உடனே சாக ஆரம்பிக்கும். இதற்குப் போய் ஒரு பவுண்டுக்கு 400 தினாரியஸுக்கு மேல் கொடுக்கிறார்களே என்று பொருமுகிறார். கூடவே ஒரு குத்தல்: பூசியவருக்கே அந்த மணம் தெரியாது, காசு நம்முடையது, சுகம் பக்கத்தில் இருப்பவருக்கு.

பிளினி உசத்தியாகச் சொன்ன முத்தில் ஒரு பகுதி நம்ம ஊர்க் கடலில் எடுத்தது. அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க நூலான 'எரித்ரேயக் கடற்பயணக் கையேடு' கொற்கையை 'கொல்கோய்' என்று குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குச் சொந்தமான முத்துக்குளித்துறை, கடலில் இறங்கியவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. அந்தக் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிப்போய்விட்ட ஒரு கிராமம். துறை பின்னாளில் தூத்துக்குடிக்கு நகர்ந்தது.

ஆக, பிளினியின் கட்சியைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கடற்கரை இல்லை. முத்து நிற்கும், மணம் போகும் என்கிறாரே, முத்தின் மதிப்பு நின்றதா?

தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தொலாயிரம் பார் அதில் பேர்போனது. சிப்பி விளைந்திருக்கிறது என்று தெரிந்தால் அரசு சலாபம் அறிவிக்கும். பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்குவார்கள். ஒரு முங்கு என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மிச்சம் அரசுக்கு.

அரசு தன் பங்கை ஏலம் விடும் விதம்தான் விசேஷம். சிப்பியை யாரும் திறப்பதில்லை. மூடிய சிப்பி, ஆயிரம் இவ்வளவு என்று ஏலம். எடுத்தவர் கொண்டுபோய் அழுகவிட்டு, புழுவும் ஈயும் நாற்றமுமாக நாள்கணக்கில் காத்திருந்து, கழுவிப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். குளிப்பவர்களிடம் நாலைந்து சிப்பி மட்டும் வாங்கி அங்கேயே உடைத்துப் பார்க்கிற சின்ன ஆசைக்காரர்களும் உண்டு. சுத்தமான லாட்டரி.

ஆனால் பெரிய வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்கவில்லை. சலாபத்துக்கு முன்பே பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு என்ன தேறும் என்று கணக்குப் போட்டு வெளியிடுவார்கள். நாங்கள் ஆபீசில் 'சாம்பிளிங்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். கையில் கிடைத்த முத்தையும் சும்மா பார்த்து விலை சொல்வதில்லை. துளைகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பிரிப்பார்கள். அப்புறம் உருண்டை, நிறம், ஒளி பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை தரம். அப்புறம் எடை. எடையோடு விலை நேராக ஏறாது, வர்க்கமாக ஏறும். அதே தரத்தில் எடை ரெண்டு மடங்கானால் விலை நாலு மடங்கு. பெரிய முத்து அவ்வளவு அரிது என்பதால்.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்ட சந்தையும் கவிழ்ந்தது, ரெண்டு முறை. முதல் முறை மன்னார் வளைகுடாவின் அக்கரையில். 1905இல் இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அந்த வேகத்தில் லண்டனில் ஒரு கம்பெனி கிளம்பி, வருடம் 3,10,000 ரூபாய் என்று 20 வருடத்துக்கு அந்தப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை. குத்தகை முடியும் முன்பே கம்பெனி கலைந்தது.

ரெண்டாவது அடி கடலிலிருந்து வரவில்லை. 1917இல் நியூயார்க்கில் பியேர் கார்த்தியே ஒரு ரெட்டைச் சர முத்து மாலையைக் கொடுத்து, ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கினார். மாலையின் மதிப்பு அன்று 10 லட்சம் டாலர். 1957இல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது ஒன்றரை லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். நடுவில் மிகிமோட்டோவும் மற்ற ஜப்பானியர்களும் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்க்கும் வித்தையைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1930களின் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. மாலையில் ஒரு முத்துகூட மங்கவில்லை. அதை அரிதாக்கிய காரணம்தான் காணாமல் போனது. தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் பக்கத்து வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது.

வாரிசுக்குப் போகும் என்று பிளினி சொன்னது போகத்தான் செய்தது. ஆனால் விலை ஆவியாகிவிட்ட பொருளாகப் போனது.

இப்போது ரோஜாவுக்கு வருவோம். பல்கேரியாவின் கசான்லக்கிலும் துருக்கியின் இஸ்பார்ட்டாவிலும் விடியற்காலையில் பறிக்கும் டமாஸ்க் ரோஜாவில் ஏறக்குறைய 3,500 முதல் 4,000 கிலோ வடித்தால் ஒரு கிலோ எண்ணெய். அதன் விலை பல லட்சம் ரூபாய். கிலோ பத்து லட்சம் என்றும், 50 மில்லி பாட்டிலில் ஒரு சதவீதம் அசல் ரோஜா எண்ணெய் என்றும் வைத்துக்கொள்வோம். அரை கிராம். ரெண்டு கிலோ பூ. 500 ரூபாய். தாராளமாக மூன்று சதவீதம் என்றாலும் 1,500தான். மிச்சம் எங்கே போகிறது என்பதற்குக் கடையின் விலைப்பட்டியலிலேயே துப்பு இருக்கிறது. பெரும்பாலான பிராண்டுகளில் 100 மில்லி விலை, 50 மில்லி விலையின் ரெண்டு மடங்குக்குக் குறைவு. முத்துக்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் திரவம்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் அளவு ரெண்டு மடங்காகும்போது விலையும் கிட்டத்தட்ட அப்படியே ஆகியிருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் கலவை தெரிந்த மூக்குக்கும், பாட்டிலுக்கும், கடை வாடகைக்கும், விளம்பரத்துக்கும், பெயருக்கும் கொடுக்கிறோம்.

அதனால் மோசடி என்று முடித்துவிட முடியாது. ரோஜா எண்ணெயில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்றவை பெரும்பங்கு. துளியிலும் துளியாக இருக்கும் டமாசினோன்தான் மணத்தில் பெரிய வேலை செய்கிறது. ஆய்வகத்தில் செய்தாலும் அதே மூலக்கூறு அதேதான். வளர்ப்பு முத்தும் சிப்பி செய்த முத்துதானே. 'அசலா, போலியா' என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. அரிதல்லாத பொருளுக்கு அரிய விலை கொடுக்கிறேனா, அப்படிக் கொடுத்தாலும் எனக்கு வேண்டியது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கலவைக்காரரின் திறமைக்கு விலை உண்டு. ஒரு நல்ல சிற்பத்தை அதன் கல்லின் எடைக்கு யாரும் விலை பேசுவதில்லை.

அதற்குச் சலாப வியாபாரியின் வழிதான் என் வழி. மூடிய சிப்பியை வாங்காதே. ரெண்டு மில்லி மாதிரிக் குப்பி விற்கிறார்கள், அதை வாங்கு. கடையின் காகிதப் பட்டையில் முதல் பத்து நிமிடம் மணப்பது ஏலக் கூச்சல் மாதிரி, அதை நம்பாதே. தோலில் போட்டு, தூத்துக்குடி உப்புக் காற்றிலும் வேர்வையிலும் ஆறு மணி நேரம் கழித்து என்ன மிஞ்சுகிறது என்று பார். நம் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், பிளினி சொன்ன அந்த ஒன்று சரி. அதனால் பக்கத்தில் இருப்பவரைக் கேள். பத்து நாள் போட்ட பிறகும் பதினோராவது நாள் கை தேடினால், இருப்பதிலேயே சின்ன பாட்டில். கை தேடவில்லை என்றால், கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீரில் நல்லதாகப் பார்த்து ஒரு குப்பி போதும்.

நிறுத்தப்போகிறார்கள், விலை ஏறும், சேர்த்து வை என்று யாராவது சொன்னால் மட்டும் வாங்க வேண்டாம். அது 1906இன் குத்தகைப் பேச்சு. வாசனை காற்றில் போகும் என்பது வாங்கும்போதே தெரிந்த விஷயம், அதைப் போட்டுத் தீர்க்கத்தான் வாங்குகிறோம். பத்து லட்சம் டாலர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டவர்களிடம் யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை.