உலகப் பட்டம் எட்டாத சாம் லாங்போர்ட்

வலிமையும் வித்தையும் மட்டுமே புகழைத் தருமாயின், குத்துச்சண்டை உலகில் சாம் லாங்போர்ட்டின் பெயர் எங்கும் ஒலித்திருக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த இக்கறுப்பின வீரர், 1906இல் தம்மினும் உயரமும் எடையும் மிக்க ஜாக் ஜோன்சனுடன் 15 சுற்றுக்கள் பொருது, புள்ளிகளால் தோற்றார். 1908இல் உலகப் பட்டம் வென்ற ஜோன்சன், அதைப் பணயம் வைத்து இவருடன் மோத இசையவேயில்லை. வெள்ளையரை எதிர்த்தாற் பணம் குவியும். லாங்போர்ட்டை எதிர்த்தாலோ ஆபத்து மிகுதி, ஊதியம் அற்பம். நிறத்தடையை உடைத்து நுழைந்தவரே கதவைச் சாத்தியது கொடுமைதான். லாங்போர்ட், தம்மைப்போல் ஒதுக்கப்பட்ட ஹரி வில்ஸ் முதலியோருடனேயே மீண்டும் மீண்டும் பொருதினார், கண்ணொளியும் மங்கியது. 1944இல் பத்திரிகையாளர் அல் லேனி தேடிக் கண்டபோது, அவர் நியூயோர்க் நகரின் ஹார்லெமில் பார்வையற்று, வறியவராய் இருந்தார். லேனியின் கட்டுரையைப் படித்தோர் உதவிநிதி திரட்டினர். 1956இல் லாங்போர்ட் காலமானார்.