ஊரார் காத்த குளம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில் அமைந்த ஊர் பென்சான்ஸ். கடலை ஒட்டி அங்கே முக்கோண வடிவில் ஒரு பொது நீச்சற்குளம் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1935இல் திறக்கப்பட்டமையால் ஜூபிலி குளம் எனப் பெயர் பெற்றது. 2014 பிப்ரவரியில் புயலலைகள் அதனைச் சிதைத்தன. செப்பனிடப்பெற்று 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கடல்நீரின் குளிர்ச்சியால் கோடையில் மட்டுமே குளம் பயன்பட்டது. ஆண்டில் சில திங்களே வருவாய் எனில், அடுத்த புயலை அது எங்ஙனம் தாங்கும்?

ஊரார் ஒரு சங்கம் கண்டு பங்குகள் விற்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினர். ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. மானியமும் துணை நின்றது. 400 மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு, கருங்கற்பாறை காத்துவைத்த வெப்பத்தை மேலே கொணர்ந்தனர். 2020இல் குளத்தின் ஒரு பகுதி வெந்நீர்த் தடாகமாயிற்று.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பங்கு பலவாயினும் சிலவாயினும், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கே. நன்கொடை தந்தவர் மறந்துவிடலாம். பங்குதாரரோ பொறுப்பும் ஏற்கிறார். பொதுச்சொத்து நிலைபெறுவது அப்பொறுப்பினாலேயே ஆகும்.