பாசியிடம் பசுங்கணிகம் திருடும் கடல் உயிரிகள்

2019 ஆகஸ்ட் 18 இரவு பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குக் காரணம் நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. அதில் ஒரு வகை, பச்சைப் பாசிகளை உயிரோடு தன் உடலுக்குள் குடிவைத்து, அவை சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவில் பங்கு பெறுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா அளவுக்கு மீறிப் பெருகி நீரைப் பச்சையாக்கியது. நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்களும் பவளப்பாறைகளும் மடிந்தன.

குடிவைப்பது ஒரு முறை. திருடுவது வேறொரு முறை.

சில ஒருசெல் உயிரிகள் பாசியைப் பிடித்து, மற்ற பாகங்களைச் செரித்துவிட்டு, உணவு தயாரிக்கும் பசுங்கணிகத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றன. இதற்குக் கிளெப்டோபிளாஸ்டி என்று பெயர். கிரேக்க மொழியில் 'கிளெப்டெஸ்' என்றால் திருடன்.

திருடிய பொருள் நெடுநாள் உழைக்காது. பசுங்கணிகத்தைப் பழுதுபார்க்கத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கான மரபணுக்கள் பாசியின் உட்கருவில்தான் உள்ளன. மீசோடினியம் என்ற உயிரி இதற்கும் வழி கண்டிருக்கிறது. டெலியாலாக்ஸ் போன்ற பாசிகளின் பசுங்கணிகத்தோடு உட்கருவையும் எடுத்துக்கொள்கிறது. இப்படி எடுத்த உட்கரு 30 நாட்கள் வரை செயல்படுவதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

திருடனிடமே திருடுவது டைனோஃபிசிஸ். மீசோடினியத்தைக் குத்தி, உள்ளிருப்பதை உறிஞ்சி, அந்தப் பசுங்கணிகத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. இதை அறியாததால் ஆய்வகங்களில் நெடுங்காலம் டைனோஃபிசிஸை வளர்க்க முடியவில்லை. மீசோடினியத்தை இரையாகக் கொடுத்து 2006இல் கொரிய ஆய்வாளர்கள் அதைச் சாதித்தனர்.

நமக்கு இதில் என்ன?

டைனோஃபிசிஸ் இனங்கள் இந்தியக் கடல்களிலும் உள்ளன. அவற்றில் பல, ஒகடாயிக் அமிலம் போன்ற நச்சுகளை உண்டாக்குபவை. நீரை வடிகட்டி உண்ணும் மட்டி, சிப்பி வகைகளில் இந்த நச்சு சேரும். அவற்றைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். வேகவைத்தாலும் நச்சு அழியாது. டைனோஃபிசிஸ் குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலே போதும் என்பதால், கடல்நீரின் நிறத்தை மட்டும் பார்த்து ஆபத்தை அறிய முடியாது. மீசோடினியம் பெருகினால் டைனோஃபிசிஸும் பின்னால் பெருகலாம். எனவே அதைக் கண்காணிப்பது முன்னெச்சரிக்கைக்கு உதவும்.

நம் தாம்பரம்–வேளச்சேரி சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கடல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வையுங்கள்.