ரியாத் வீதியில் நாற்பத்தேழு மகளிர்

1990ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள். சவூதி அரேபியத் தலைநகராகிய ரியாதில், பேரங்காடி ஒன்றன் அருகே பெண்கள் 47 பேர் கூடினர். ஊதியத்திற்கு அமர்த்தியிருந்த ஓட்டுநர்களை இறங்கச் செய்துவிட்டு, 14 மகிழுந்துகளைத் தாமே செலுத்தி நகரை வலம்வந்தனர். ஓட்டியோர் வெளிநாட்டு உரிமம் பெற்றவர்கள். ஏனையோர் உடனமர்ந்து சென்றனர். காவலர் வழிமறிக்கவே ஊர்வலம் முடிந்தது.

பெண் வாகனம் ஓட்டலாகாது என்று எழுதப்பட்ட சட்டம் எதுவும் அன்று அந்நாட்டில் இல்லை, வழக்கமே சட்டமாயிருந்தது. அவ்வழக்கமும் நகரத்திற்கே உரியது போலும். பாலைவனத்துப் பதூயினப் பெண்கள் சரக்குந்து ஓட்டுவதை எவரும் பெரிதுபடுத்தியதில்லை. இதனை இசுலாத்தின் விதி எனக் கொள்வதும் பொருந்தாது. அண்டை நாடாகிய குவைத்திலேயே பெண்கள் ஓட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, புகலிடம் தேடி வந்த குவைத்துப் பெண்கள் தாமே வண்டியோட்டி வந்தனர். சவூதியில் பாசறை அமைத்த அமெரிக்கப் படையிலும் பெண்கள் ஊர்தி செலுத்தினர். அயலார்க்கு இயல்வது தமக்கு ஏன் இயலாது என அந்நாட்டு மகளிர் வினவியதில் வியப்பில்லை.

விளைவு கடுமையாயிற்று. தந்தையோ கணவரோ உறுதிமொழி எழுதித் தந்த பின்னரே அவர்கள் வீடு திரும்ப முடிந்தது. கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. அரசுப் பணியிலிருந்தோர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவருள் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அடங்குவர். பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த துண்டறிக்கைகள் அவர்தம் ஒழுக்கத்தையே பழித்தன. கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்குப் பணியிழப்பினும் இப்பழியே கொடிதாகத் தோன்றுகிறது. அறிஞர் இப்னு பாசின் மார்க்கத் தீர்ப்பும் உள்துறை அமைச்சகத்தின் ஆணையும் தொடர்ந்தன. வழக்கம் முறையான தடையாக மாறியது அப்போதுதான்.

2011இல் மனால் அல் ஷரீப் தாம் வண்டியோட்டும் காட்சியை வெளியிட்டுச் சிறை சென்றார். 2017 செப்டம்பர் 26இல் அரசாணை பிறந்தது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டலாயினர். மறு ஆண்டு, 21 வயது நிரம்பிய பெண் ஆண் காப்பாளரின் இசைவின்றியே கடவுச்சீட்டுப் பெறவும் வழி பிறந்தது.

ஆயின் தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2018 மே திங்களில், அவ்வுரிமைக்காகப் போராடியோர் கைது செய்யப்பட்டனர். 1990இல் மகிழுந்து ஊர்வலத்தில் பங்கேற்ற ஆயிஷா அல் மானா, மதீஹா அல் அஜ்ரூஷ் ஆகிய இருவரும் அவருள் இருந்தனர். சில நாட்களில் விடுவிக்கப்பட்டனர். இளையவரான லுஜைன் அல் ஹத்லூல், பெண்கள் முதன்முதலாக உரிமையோடு சாலைக்கு வந்த நாளில் சிறையில் இருந்தார். 2021 பிப்ரவரி 10இல்தான் அவர் வீடு திரும்பினார். அப்போதும் நாட்டைவிட்டு வெளியே செல்ல அவருக்குத் தடை இருந்தது.