விருதுநகர் உண்ணாநோன்பு

கை ஓங்காமல், அடங்கியும் போகாமல், வரும் துன்பத்தைத் தானே ஏற்று எதிர்த்து நிற்பது சாத்வீக எதிர்ப்பு. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள், தங்களைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டத்துக்குப் பணிவதில்லை என உறுதியெடுத்தனர். காந்தியின் சத்தியாக்கிரகத்துக்கு அதுவே தொடக்கம். 1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பெடுத்தவர்களும் அவ்வழியில் சென்றவர்களே. அப்போது எதிரே நின்றது அந்நிய ஆட்சி. விடுதலைக்குப் பின் தம்மவர் ஆட்சியிடமே இம்முறை எடுபடுமா என்ற கேள்வி விருதுநகரில் எழுந்தது.

விருதுநகரை அடுத்த மண்மலைமேட்டில் பிறந்த சங்கரலிங்கனார் கதரில் ஊறிய பழைய காங்கிரஸ்காரர். 1956 ஜூலை 27 அன்று பன்னிரண்டு கோரிக்கைகளோடு உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது அவற்றுள் முதன்மையானது. இந்தியா முழுவதும் மதுவிலக்கு, ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பனவும் உண்டு. முதலமைச்சர் காமராசரோ அதே ஊர்க்காரர். அண்ணா, ஜீவா போன்ற தலைவர்கள் நேரில் வந்து நோன்பைக் கைவிடச் சொல்லியும் சங்கரலிங்கனார் இசையவில்லை. 75 நாட்களுக்கு மேல் நீண்ட நோன்பு, அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் அவர் இறப்போடு முடிந்தது.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன் ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் இறந்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. சில நாட்களில் நேரு இணங்கினார். சங்கரலிங்கனார் மறைவுக்குப் பின் அப்படியொரு கொந்தளிப்பு எழவில்லை, அரசும் அசையவில்லை. நோன்பிருப்பவரின் அகிம்சைக்கு வெளியே திரளும் கூட்டத்தின் சினமே வலுவூட்டுகிறது என்பது காந்தியவாதிகளுக்குக் கசப்பான பாடம்தான். சௌரிசௌராவில் வன்முறை வெடித்ததும் 1922இல் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திய காந்தி இப்பாடத்தை ஏற்றிருக்கமாட்டார்.

பெயர் மாற்றம் தேர்தல் வழியாகவே வந்தது. 1967இல் திமுக வென்றது. விருதுநகரில் காமராசரே தோற்றார். அவ்வாண்டு ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ரயிலில் மட்டும் வகுப்புகள் இன்னும் பல.